குடும்பத்துக்கு நேரம் விடும் வேலை: மெக்கானிக்கல் டிராஃப்டர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மணி ஐந்தே கால். கம்ப்யூட்டரை அணைக்கப் போகும்போது மெஷின் ஷாப்பிலிருந்து போன் வரும்: "சார், இந்த எம்10 ஹோலுக்கு டெப்த் போடலையே, ஜாப் மெஷின்ல நிக்குது." திருத்த அரை மணி நேரம் போதும். ஆனால் அதற்குள் கம்பெனி பஸ் போய்விடும், டியூஷன் முடிந்த பிள்ளை வாசலில் நின்றுகொண்டிருக்கும். மெஷின் பாகங்களுக்கு டிராயிங் போடும் டிராஃப்டருக்குச் சாயங்காலம் பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

அதனால் சம்பளம், ஊர், சாஃப்ட்வேர் மூன்றையும் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும்: நீங்கள் போடும் டிராயிங்குக்காக அந்தப் பக்கம் காத்திருப்பது யார்? ஓடிக்கொண்டிருக்கும் மெஷினா, டிஸ்பாட்ச் தேதியா, வேறு நாட்டில் அப்போதுதான் ஆபீஸ் வந்து உட்காரும் இன்ஜினியரா, அடுத்த வாரம் கூடும் ஈசிஎன் (டிசைன் மாற்ற அறிவிப்பு) கமிட்டியா? இதற்கான பதிலை வைத்தே உங்கள் வீட்டு நேரம் அமையும். கோயம்புத்தூர், சென்னை, ஓசூர், திருச்சி வட்டாரங்களில் ஓரளவு அனுபவத்தோடு வேலை மாற நினைக்கும் டிராஃப்டரை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. குழந்தை பிறந்த பின் இடைவெளி விட்டுத் திரும்பி வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

படி 1: வீட்டின் கணக்கை முதலில் எழுதுங்கள்

"ஃபேமிலிக்கு டைம் வேணும்" என்று பொதுவாகச் சொன்னால் எந்த ஹெச்ஆருக்கும் புரியாது, தேடும் உங்களுக்கும் உதவாது. ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்.

முதலாவது, நகர்த்தவே முடியாத நேரம். ஸ்கூல் வேன் 3:40க்கு வருகிறது, அப்பாவுக்கு செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் என்பது போல. இரண்டாவது, நகர்த்தக்கூடிய நேரம். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம் உட்கார முடியும் என்றால் அதுவும் ஒரு வளம்தான், ஆனால் வாரத்துக்கு எத்தனை நாள் என்று உண்மையாக எழுதுங்கள். மூன்றாவது, மாதத்தில் சராசரியாக எத்தனை முறை திடீரென லீவு தேவைப்படுகிறது. நான்காவது, கையில் வந்தே தீர வேண்டிய பணம். சிடிசி கணக்கு வேண்டாம். பிடித்தம் எல்லாம் போக வங்கியில் விழும் தொகை.

இதோடு பயண நேரத்தையும் சேருங்கள். அம்பத்தூரில் வீடு, ஒரகடத்தில் வேலை என்றால் எட்டு மணி நேர வேலை பதினொரு மணி நேரமாகிவிடும். கம்பெனி பஸ்ஸைப் பலர் குறையாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அது ஒரு வேலி: 5:30க்கு பஸ் கிளம்பிவிடும் கம்பெனியில் 5:20க்குப் புது வேலை கொடுக்க மேனேஜரும் யோசிப்பார். சொந்த வண்டியில் வருபவரைத்தான் "கொஞ்சம் இருந்துட்டுப் போங்க" என்பார்கள்.

சனிக்கிழமையைத் தனியாகக் குறியுங்கள். பம்ப், வால்வ், டெக்ஸ்டைல் மெஷின் கம்பெனிகள் பலவற்றில் ஆறு நாள் வேலை. இன்ஜினியரிங் சர்வீஸ் நிறுவனங்களில் பெரும்பாலும் ஐந்து நாள். வருடத்தில் இது சுமார் 50 நாள் வித்தியாசம். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் சம்பள வித்தியாசத்துக்காக இதை விட்டுக்கொடுப்பதா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

படி 2: எந்த நாற்காலி என்று தேர்ந்தெடுங்கள்

எஸ்பிஎம் (ஒரே வேலைக்கென்று தனியாகச் செய்யும் மெஷின்), ஜிக்ஸ்-ஃபிக்சர் (பாகத்தைப் பிடித்து வைக்கும் சாதனம்), பிரஸ் டூல், மோல்டு செய்யும் இடங்களில் வேலை கற்றுக்கொள்ள அருமையான வாய்ப்பு உண்டு, வீட்டு நேரத்துக்கு இடம் குறைவு. ஒவ்வொரு மெஷினும் புதிது என்பதால் தவறு வெளியே தெரிவதே அசெம்ப்ளியில்தான். ட்ரையல் தேதிக்கு முந்தைய இரண்டு வாரமும் ராத்திரிதான் வீடு. கமிஷனிங்குக்குக் கஸ்டமர் இடத்துக்கும் அனுப்புவார்கள். முதல் மூன்று நான்கு வருடம் இங்கே கழித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகோ குழந்தைக்குப் பிறகோ வேறு இடம் பார்ப்பது நல்ல கணக்கு. இந்த அனுபவத்தை எல்லோரும் மதிப்பார்கள்.

கேட்டலாக்கில் உள்ள வழக்கமான மாடல்களையே தயாரித்து விற்கும் கம்பெனி அதற்கு நேர் எதிர். கோயம்புத்தூரின் பம்ப், மோட்டார், கியர், டெக்ஸ்டைல் மெஷினரி கம்பெனிகளில் டிராயிங் ஏற்கெனவே இருக்கும். காஸ்டிங் மாற்றம், மெட்டீரியல் மாற்றம், புது மாடலுக்கு ஷாஃப்ட் நீளம் கூட்டுவது, ஈசிஎன் போடுவது என்று வேலை வரிசையாக வரும். ஒரு ஈசிஎன் இன்று முடியாவிட்டால் நாளை முடியும். ஆறு நாள் வேலை, காலை எட்டரைக்கே பஞ்ச், சம்பள உயர்வு மெதுவாக. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம்.

திருச்சி, துவாக்குடிப் பக்கம் பெல் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்களில் ஷாப் டிராயிங், கட்டிங் பிளான், நெஸ்டிங் (தகட்டை வீணாக்காமல் பாகங்களை அடுக்குவது) வேலை கிடைக்கும். ஆர்டர் நிறைந்த மாதம் ஒரு மாதிரி, இல்லாத மாதம் ஒரு மாதிரி. இன்ஸ்பெக்ஷன் வரும் வாரம் மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்ஜினியரிங் சர்வீஸ் நிறுவனங்களில் கம்பெனி பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஒரே கம்பெனிக்குள் ஒரு டீம் ஆறு மணிக்குக் கிளம்பும், பக்கத்து டீம் ராத்திரி பத்து மணிக்கு மீட்டிங்கில் இருக்கும். காரணம் கிளையன்ட் இருக்கும் நாடு. நம் நேரத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெர்மனியில் காலை 9 மணி என்பது நமக்குக் குளிர்காலத்தில் 1:30, கோடையில் 12:30. எனவே மதியமே பேசி முடித்துவிடலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை 9 என்றால் இங்கே கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. ஹூஸ்டன் பக்கம் என்றால் அதற்கும் ஒரு மணி நேரம் தள்ளி. சரியாகப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரம். ஜப்பானில் காலை 9 நமக்கு விடிகாலை 5:30, அவர்களின் மாலை 5 மணி நமக்கு மதியம் 1:30. ஆஸ்திரேலியாவின் பெர்த் என்றால் காலை 6:30க்குத் தொடங்கும். காலையில் சீக்கிரம் உட்கார முடிந்து மதியத்துக்குமேல் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியவர்களுக்கு ஜப்பான், ஆஸ்திரேலியா புராஜெக்ட் வரப்பிரசாதம். ஆனால் அதே காலை நேரத்தில்தான் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும் என்றால் அது ஒத்துவராது.

அமெரிக்க ஸ்டீல் டீடெயிலிங் (கட்டட ஸ்டீல் பாகங்களுக்கு டிராயிங் போடும்) வேலைக்கும் இதே கணக்குதான். மாடலிங் செய்பவருக்குப் பகல் வேலை, கிளையன்டிடம் பேசும் டீம் லீடுக்கு இரவு வேலை. எனவே அங்கே பதவி உயர்வு வந்தால் நேரமும் கூடவே மாறும். ஒப்புக்கொள்வதற்கு முன் அதையும் யோசியுங்கள்.

பலரும் கண்டுகொள்ளாத இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்று செக்கர். பத்து வருடம் டிராயிங் போட்டவரின் கண்ணுக்குத்தான் விடுபட்ட டைமென்ஷன் தெரியும். செக்கருக்கு ஷாப்பிலிருந்து நேரடிப் போன் குறைவு. வேலை பிடிஎஃப்பில் நடப்பதால் வீட்டிலிருந்து செய்ய அனுமதி கேட்பதும் எளிது. இன்னொன்று பிடிஎம் (டிராயிங் கோப்புகளை நிர்வகிப்பது), டாக்குமென்ட் கன்ட்ரோல்: ரிவிஷன், ரிலீஸ் (டிராயிங்கைத் தயாரிப்புக்கு அனுப்புவது), பிஓஎம் (பாகப் பட்டியல்) பராமரிப்பு. வரைய வராதவர்கள் செய்யும் வேலை என்று இதைச் சிலர் தாழ்வாகப் பேசுவார்கள். பிஓஎம்மில் ஒரு எண் தவறினால் பர்ச்சேஸ் முழுக்க நின்றுவிடும் என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

கேட் (கம்ப்யூட்டரில் வரையும் சாஃப்ட்வேர்) பயிற்சி சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலையை "டீச்சிங்தானே, வசதியாக இருக்கும்" என்று நினைத்துப் போக வேண்டாம். மாணவர்கள் கல்லூரியும் வேலையும் முடிந்து வருவது மாலையிலும் சனி, ஞாயிறிலும்தான்.

படி 3: கையில் ஆறு ஷீட் தயார் செய்யுங்கள்

பழைய கம்பெனி டிராயிங்கை போர்ட்ஃபோலியோவில் வைக்கக் கூடாது. டைட்டில் பிளாக்கை அழித்துவிட்டுக் காட்டினாலும் அது அவர்கள் சொத்துதான். இன்டர்வியூ செய்பவர் அதைப் பார்த்ததும் நாளை நம் டிராயிங்கையும் இவர் இப்படித்தான் வெளியே கொண்டுபோவார் என்று நினைப்பார். சொந்தமாகச் செய்யுங்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு மோனோபிளாக் பம்பையோ வெட் கிரைண்டரையோ வாங்கிப் பிரித்து, வெர்னியரால் அளந்து வரையுங்கள். ஒரு அசெம்ப்ளி, பிஓஎம், ஷாஃப்ட், ஒரு காஸ்டிங், ஒரு ஷீட் மெட்டல் பாகம், ஒரு வெல்டட் பாகம். ஆறு ஷீட் போதும், முப்பது வேண்டாம்.

இதில் ஷாஃப்ட் ஷீட்டில்தான் உங்கள் தரம் தெரியும். 6205 பேரிங் உட்காரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பேரிங்கின் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். ஷாஃப்ட்டில் வெறுமனே 25 என்று எழுதினால் டர்னர் தன் விருப்பப்படி கடைந்துவிடுவார். லேசாகக் குறைந்தாலும் உள் ரேஸ் ஷாஃப்ட்டின் மேல் நழுவிச் சுற்றி இருக்கையைத் தேய்த்துவிடும். 25 கே6 என்ற ஃபிட் குறியீட்டைப் போட்டு, பக்கத்திலேயே +0.015/+0.002 என்று அனுமதிக்கும் வரம்பையும் எழுதுங்கள். ஹவுசிங் போர் 52 எச்7, அதாவது +0.030/0. ஷோல்டர் மூலையில் ஃபில்லெட் (மூலை வளைவு) ஆர்1-ஐ, அதாவது 1 மில்லிமீட்டர் ஆரத்தைத் தாண்டக் கூடாது. பார்க்க நன்றாக இருக்கிறது என்று ஆர்1.5 கொடுத்தால் பேரிங்கின் விளிம்பு ஃபில்லெட்டில் ஏறி நிற்கும், ஷோல்டரைத் தொடாது. இரண்டு பேரிங் இருக்கைகளையும் ஏ, பி டேட்டமாக (அளவுக்கு ஆதாரமாக) வைத்து, இம்பெல்லர் உட்காரும் விட்டத்துக்கு ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) 0.02 கொடுங்கள். இந்த ஒரு ஷீட்டை வைத்தே இருபது நிமிடம் பேசலாம். இன்டர்வியூவில் அதுதான் நடக்கும்.

ஷீட்டில் புரொஜெக்ஷன் குறியீட்டை (பாகத்தின் பார்வைகளை எந்த முறையில் அடுக்கியிருக்கிறீர்கள் என்று காட்டுவது) மறக்காதீர்கள். இந்தியாவில் முதல் கோணம், அமெரிக்கக் கிளையன்டுக்கு மூன்றாம் கோணம். அளவு மாறாமல் பாகம் மட்டும் கண்ணாடிப் பிம்பமாகச் செய்யப்பட்டு வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வரைபட முறைக்கு எஸ்பி 46, ஃபிட்டுக்கு ஐஎஸ் 919, அமெரிக்க வேலைக்கு ஒய்14.5 இவற்றில் எதைப் பின்பற்றினீர்கள் என்பதை டைட்டில் பிளாக்கிலேயே குறிப்பிடுங்கள்.

சாஃப்ட்வேரில் எல்லாவற்றையும் கற்க ஓட வேண்டாம். எஸ்பிஎம் பக்கம் சாலிட்வொர்க்ஸ், ஆட்டோமொபைலில் கேட்டியா, என்எக்ஸ், பல தயாரிப்புக் கம்பெனிகளில் கிரியோ, ஸ்டீலில் டெக்லா என்று பொதுவாகப் போகும். ஆட்டோகேட் எங்கும் இருக்கிறது. படி 2-இல் எந்த நாற்காலி என்று முடிவு செய்திருப்பீர்கள், அதற்கு உரிய ஒன்றை மட்டும் ஆழமாகப் பிடியுங்கள். இடைவெளிக்குப் பின் திரும்புபவர்கள் பழக்கத்துக்கு ஃப்ரீகேட் வைத்துக்கொள்ளலாம், வணிக வேலைக்கும் இலவசம்தான். சாலிட் எட்ஜ் கம்யூனிட்டி பதிப்பும் இலவசம், ஆனால் சொந்தப் பழக்கத்துக்கு மட்டும். மாணவர் பதிப்பில் கஸ்டமர் வேலை செய்யக் கூடாது. சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றில் அந்தக் கோப்பிலேயே அடையாளம் விழுந்துவிடும்.

படி 4: தேடுதல்

ரெஸ்யூமேயில் "ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் தெரியும்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்கள் எழுத வேண்டியது: எந்த வகைப் பாகம், எந்த மெட்டீரியல், எந்த ஸ்டாண்டர்டு, ரிலீஸ் வரை கொண்டுபோனீர்களா. "கிரே அயர்ன் காஸ்டிங், மெஷினிங் டிராயிங், ஈசிஎன், வெண்டர் கிளாரிஃபிகேஷன்" என்ற ஒரே வரி போதும்.

இடைவெளி இருந்தால் மறைக்காதீர்கள். "2021 முதல் 2024 வரை குழந்தை பராமரிப்பு, இந்தக் காலத்தில் பழகிய வேலை இணைப்பில்" என்று ஒரு வரி எழுதி ஆறு ஷீட்டையும் இணையுங்கள்.

வேலை வாய்ப்புத் தளங்கள் ஒரு வழி. சின்ன, நடுத்தரக் கம்பெனிகள் விளம்பரமே கொடுக்காமல் வெண்டர், பழைய சக ஊழியர், டூல் ரூம் சூப்பர்வைசர் மூலமாகத்தான் ஆள் பிடிக்கின்றன. நீங்கள் டிராயிங் அனுப்பிய மெஷின் ஷாப் முதலாளிகளுக்கு உங்கள் டிராயிங்கின் தரம் யாரையும்விட நன்றாகத் தெரியும், அவர்களிடம் கேளுங்கள். வேலைக்குப் பணம் கேட்கும் கன்சல்டன்சியை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

படி 5: இன்டர்வியூவில் நீங்கள் கேட்க வேண்டியவை

"ஒர்க் லைஃப் பேலன்ஸ் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். உண்மை வெளிவர வேறு மாதிரி கேட்க வேண்டும்.

- கடைசியாக டிஸ்பாட்ச் ஆன புராஜெக்டில் டிராயிங் ரிலீஸ் ஆன பிறகு எத்தனை ரிவிஷன் போனது? (ரிவிஷன் டி, ஈ என்று சாதாரணமாகச் சொன்னால் அங்கே ராத்திரி வேலை நிச்சயம்.)
- டிராயிங்கை யார் செக் செய்கிறார்கள்? தனி செக்கர் உண்டா?
- ஷாப்பில் சந்தேகம் வந்தால் நேரடியாக டிராஃப்டருக்கு அழைப்பார்களா, கோரிக்கைப் படிவம் இருக்கிறதா?
- இந்த இடத்தில் இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார்?
- கிளையன்ட் எந்த நாடு, மீட்டிங் இந்திய நேரத்தில் எத்தனை மணிக்கு, யார் யார் கலந்துகொள்ள வேண்டும்?

இவற்றில் மூன்றாவது கேள்வி மிக முக்கியம். கேட்கும் முறையில் பணிவு இருக்கட்டும், "டீம்ல வேலை எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கலாமா சார்?" என்று ஆரம்பித்தால் தொழில் தெரிந்தவர் கேட்கிறார் என்றுதான் நினைப்பார்கள். முடிந்தால் இன்டர்வியூ நேரத்தை மாலை நான்கரைக்குக் கேளுங்கள். ஆறு மணிக்கு வெளியே வரும்போது எத்தனை சிஸ்டம் இன்னும் ஓடுகிறது என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

டெஸ்ட் டிராயிங் கொடுப்பது வழக்கம்தான். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் சரி. வீட்டுக்குக் கொண்டுபோய் முடித்துத் தாருங்கள் என்று பத்து பாகம் கொடுத்தால் அது இலவச வேலை. "இரண்டு பாகம் செய்து காட்டுகிறேன், மற்றதைப் பற்றிச் சேர்ந்த பிறகு பேசலாம்" என்று சொல்லுங்கள்.

படி 6: ஆஃபர் லெட்டரில் எழுத்தாக வாங்குங்கள்

வாயால் சொன்ன "ஃப்ளெக்சிபிள்" மேனேஜர் மாறியதும் காணாமல் போகும். வேலை நேரம், வார விடுமுறை, வீட்டிலிருந்து வேலை என்றால் வாரத்தில் எத்தனை நாள், சைட் விசிட் உண்டா இல்லையா, நோட்டீஸ் பீரியட். இந்த ஐந்தும் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ இருக்கட்டும். ஆன்-ரோலா, வேறு ஏஜென்சியின் பேரோலில் கான்ட்ராக்டா என்பதையும் பாருங்கள். கான்ட்ராக்ட் என்றால் லீவு விதிகள் ஏஜென்சியுடையவை.

மகப்பேறு உரிமைகளில் டிராஃப்டர்கள் தவறவிடும் இடங்கள் உண்டு. 1961 சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு, அதற்குப் பிறகு 12 வாரம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். எனவே கம்பெனி மாறும் தேதியை இதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். விடுப்பு முடிந்த பின் வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருதரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. டிராயிங் வேலை அந்தத் தன்மை உடையது என்பதால் தைரியமாகக் கேட்கலாம். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த அளவுகள் தொடர்கின்றன. தனியார் துறையில் தந்தைக்குச் சட்டப்படியான விடுப்பு கிடையாது. அதைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு கணக்கு இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்களைச் சார்ந்த பெற்றோருக்கும் மருத்துவம் உண்டு. 20,500 வாங்குகிறவர் 22,000க்கு மாறினால், அப்பாவின் சிகிச்சை இஎஸ்ஐ-யில் ஓடிக்கொண்டிருக்கும்போது, 1,500 ரூபாய்க்குப் பெரிய விலை கொடுக்க நேரலாம். புது இடத்தில் பெற்றோரையும் சேர்த்த குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

படி 7: வீட்டிலிருந்து செய்வதாக இருந்தால்

பகுதி நேரமோ, வாரத்தில் இரண்டு நாளோ, முதலில் லைசென்ஸ் யாருடையது என்பதைத் தெளிவாக்குங்கள். சாலிட்வொர்க்ஸ் நெட்வொர்க் லைசென்ஸை 30 நாள் வரை கடனாக எடுத்து வீட்டில் பயன்படுத்தலாம். மற்றபடி கம்பெனி விபிஎன் வழியாக ஆபீஸ் மெஷினில் ரிமோட்டில் வேலை செய்வதே பாதுகாப்பு. கோப்பு வீட்டு மெஷினுக்கு வராது, இன்டர்நெட் மெதுவாக இருந்தாலும் பெரிய அசெம்ப்ளி திறக்கும்.

சொந்த மெஷினாக இருந்தால் குறைந்தது 16 ஜிபி ரேம், அசெம்ப்ளி வேலைக்கு 32, எஸ்எஸ்டி, சாஃப்ட்வேர் நிறுவனம் அங்கீகரித்த டிரைவருள்ள கிராஃபிக்ஸ் கார்டு. 24 அங்குல மானிட்டர் இரண்டு. ஒன்றில் மாடல், ஒன்றில் டிராயிங். சிறிய யூபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும், அது சேவ் செய்து மூடுவதற்கு மட்டும். ஊரில் மின்வெட்டு அதிகம் என்றால் இன்வெர்ட்டர் இணைப்பை அந்த அறைக்கும் இழுங்கள்.

குழந்தை மடியில் இருக்கும்போது மாடலிங் செய்ய முடியாது. அந்த நேரத்துக்கு பிஓஎம் சரிபார்ப்பு, டைட்டில் பிளாக் நிரப்புதல், பிடிஎஃப் எடுப்பது போன்ற, பாதியில் விட்டாலும் கெடாத வேலைகளை ஒதுக்குங்கள். கவனம் வேண்டிய டாலரன்ஸ் வேலையெல்லாம் குழந்தை தூங்கும் நேரத்துக்கு.

படி 8: ஃப்ரீலான்ஸ் கணக்கு

தனியாகச் செய்பவர்கள் தோற்பது பெரும்பாலும் வரைவதில் இல்லை, விலை சொல்வதில். ஒரு கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு மாதம் 35,000 வேண்டும். சாஃப்ட்வேர், மின்சாரம், இன்டர்நெட், வரி என்று 7,000. மொத்தம் 42,000. நாளுக்கு 5 மணி நேரம், 25 நாள் என்றால் 125 மணி நேரம். அதில் பேச்சு, கொட்டேஷன், பணம் கேட்டு அலைவது போக 75 மணி நேரத்துக்குத்தான் பில் போட முடியும். மணிக்கு 560 ரூபாய். இதற்குக் கீழே போனால் ராத்திரியில் ஈடுகட்ட வேண்டிவரும்.

இப்போது ஒரு ஃபிக்சர் வருகிறது: 22 பாகம், அதில் 8 கடையில் வாங்குபவை. வரைய வேண்டியது 14. சராசரியாக ஒன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம், ஆக 17.5. ஜிஏ (முழு அமைப்பின் டிராயிங்), செக்ஷன், பலூன் (பாக எண் குறி), பிஓஎம் 5 மணி நேரம். சரிபார்ப்பு ஐந்தில் ஒரு பங்கு, 4.5. மொத்தம் 27 மணி நேரம், 15,120 ரூபாய். நாளுக்கு 5 மணி நேரம் என்றால் ஆறாவது நாளில் முடியும். நீங்கள் சொல்ல வேண்டியது எட்டு வேலை நாள். பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் வாக்குத் தவறாது.

கொட்டேஷனிலேயே எழுதுங்கள்: என் தவறைத் திருத்துவது எத்தனை முறையானாலும் இலவசம், டிசைன் மாற்றம் என்றால் மணிக்கணக்கில் தனி பில். இந்த ஒரு வரி இல்லாததால்தான் "சின்ன சேஞ்ச்தான்" என்று ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் வருகிறது. 40 சதவீதம் முன்பணம், முதலில் பிடிஎஃப், முழுப் பணம் வந்த பின் 3டி கோப்பு.

உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பதிந்துகொள்ளுங்கள். 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் வாங்கியவர் பணம் கொடுக்க வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் செய்யலாம். பெரும்பாலும் இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே அக்கவுண்ட்ஸ் செக்ஷன் வேகமாக நகரும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. டிடிஎஸ் பிடித்தால் அதைக் கணக்கில் திரும்பப் பெற ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: சேர்ந்த முதல் மூன்று மாதம்

இந்தக் காலத்தில் நீங்கள் வைக்கும் பழக்கமே பின்னால் உங்கள் நேரமாகும். மாலையில் வரும் போன்களில் பெரும்பகுதி டிராயிங்கில் விடுபட்டவற்றால் வருபவை. ரிலீஸுக்கு முன் இவற்றைக் கைவிரலால் தொட்டுப் பாருங்கள்: டேப் ஹோலுக்குத் த்ரெட் ஆழமும் டிரில் ஆழமும் தனித்தனியாக இருக்கிறதா (எம்10×1.5, ஆழம் 20, டிரில் 8.5, ஆழம் 25), இடது, வலது பாகம் இரண்டும் பிஓஎம்மில் தனி எண்ணில் இருக்கின்றனவா, ஒரே நீளம் இரண்டு வழியில் டைமென்ஷன் ஆகாமல் இருக்கிறதா, பொது டாலரன்ஸ் குறிப்பு உண்டா, வெல்டு குறி சரியான பக்கத்தில் இருக்கிறதா, பழைய ரிவிஷன் வெண்டரிடம் இருந்து திரும்பப் பெறப்பட்டதா. கடைசியாகச் சொன்னதுதான் விலை உயர்ந்த தவறு. ரிவிஷன் பி ரிலீஸ் ஆன பிறகும் வெண்டர் மேஜையில் ஏ ஒட்டியிருந்தால் ஐம்பது பாகம் ஸ்கிராப்.

சாயங்காலம் ரிலீஸ் செய்யாதீர்கள். டிராயிங் போய்ச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் சந்தேகங்கள் வரும். மதியம் மூன்று மணிக்குள் ரிலீஸ் ஆனால் அவை நான்கு மணிக்கு வரும், இருக்கும்போதே முடிக்கலாம். மூன்றைத் தாண்டியது மறுநாள் காலை. சனிக்கிழமை ரிலீஸ் வேண்டவே வேண்டாம். மேனேஜரிடம் இதை உங்கள் வசதியாகச் சொல்லாமல், ஷாப்புக்கு உடனே பதில் கிடைக்கும் ஏற்பாடாகச் சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

வாய்மொழிக் கோரிக்கைகளுக்கு ஒரு எளிய ஷீட்: தேதி, கேட்டவர், பாகம் எண், என்ன மாற்றம், எப்போது வேண்டும். ஒரு மாதம் கழித்து அதைக் காட்டினால் எந்தத் துறையிலிருந்து கடைசி நேர வேலை வருகிறது என்று மேனேஜருக்கே தெரியும். பெரும்பாலும் இரண்டு மூன்று பேரிடமிருந்துதான் வரும். அவர்களோடு காலையில் பத்து நிமிடம் பேசினால் அன்றைய தேவைகள் பத்து மணிக்கே தெரிந்துவிடும்.

மூன்று மாதம் முடிந்ததும் படி 1-இல் எழுதிய தாளை எடுத்து, எத்தனை நாள் நகர்த்த முடியாத நேரம் மீறப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். மாதத்தில் ஒன்றிரண்டு என்றால் சாதாரணம். வாரத்துக்கு இரண்டு என்றால், புரொபேஷன் காலத்தில் நோட்டீஸ் பீரியட் பொதுவாகக் குறைவாக இருப்பதால், அது முடிவதற்குள் பேசுங்கள். பேசியும் மாறாவிட்டால் அப்போதே வேறு இடம் பார்க்கத் தொடங்குங்கள்.